எத்தனைக்கு எத்தனை?

(மாதேஸ்வரன் மலையில் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைய பேச்சு முழுக்க உங்களைப் பற்றியது. பேச்சு உங்கள் மார்க்கில் தொடங்கி உங்கள் அப்பா அம்மாவின் கடன் கணக்கில் போய் முடியும். ஆகவே பெரியவர்கள் யாரும் நடுவில் எழுந்து போய்விட வேண்டாம்.

இந்த மலை 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. பிறகு சாமராஜநகரோடு சேர்ந்தது. எந்த மாவட்டத்தில் சேர்த்தாலும் நம் உறவுமுறை மாநில எல்லையில் இருக்கும் பாலாற்றுச் சோதனைச்சாவடியோடு நின்றுவிடுவதில்லை. அக்காவை ஹனூரில் கொடுத்திருப்பார்கள், தங்கையைக் கொளத்தூரில். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று இரண்டு வீட்டுக்கும் போன் பறக்கும். "எங்க பையன் 540 எடுத்துட்டான்" என்பார் அக்கா. "எங்க பொண்ணு 450 தான்" என்று குரல் இறங்கிவிடும் தங்கைக்கு. அந்தப் பெண் பிள்ளை அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும்.

ஹனூர்ப் பையன் எழுதியது கர்நாடகத்து எஸ்எஸ்எல்சி. அதில் முதல் மொழிப் பாடத்துக்கு 125, மற்ற ஐந்து பாடங்களுக்குத் தலா 100, மொத்தம் 625. கொளத்தூர்ப் பெண் எழுதியது தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு, மொத்தம் 500. சதவீதம் போட்டால் பையனுக்கு 86.4, பெண்ணுக்கு 90. எத்தனைக்கு எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை சோறு தின்றிருக்கும்.

அதற்காகப் பெண்தான் 3.6 சதவீதம் கெட்டிக்காரி என்று உடனே கட்சி மாறிவிடாதீர்கள். கேள்வித்தாள் வேறு, திருத்தியவர்கள் வேறு, பாடப் புத்தகமே வேறு. சதவீதம் போட்டால் இரண்டும் நூறுக்கு எவ்வளவு என்று தெரியும். அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

ஒரே மாநிலத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. கர்நாடகத்தில் எஸ்எஸ்எல்சி தேர்ச்சி 2023-இல் 83.89 சதவீதம். அடுத்த ஆண்டு 73.40. பத்துக்கும் மேல் இறக்கம். ஒரே வருஷத்தில் மாநிலத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மூளை மழுங்கிவிட்டதா? 2024-இல் தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரடியாகக் கண்காணித்தார்கள். காப்பி குறைந்தது, தேர்ச்சியும் இறங்கியது. கருணை மதிப்பெண் தாராளமாகக் கொடுத்த பிறகும் இந்த 73தான் வந்தது. அப்படியானால் 2023-இன் 83.89 எதை அளந்தது? படிப்பையும் அளந்தது, கண்காணிப்பில் இருந்த ஓட்டையையும் சேர்த்தே அளந்தது. இரண்டும் கலந்து ஒரே எண்ணாக வந்தபோது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எண் இறங்கியபோதுதான் எல்லோரும் கேட்டார்கள். ஏறும்போதும் கேட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கம் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் முன்பு 1200. 2019-இல் தேர்வு எழுதியவர்களிலிருந்து 600 ஆனது. அண்ணன் 1050, தம்பி 540 என்றால் தம்பிதான் சதவீதத்தில் மேல். இது எல்லோருக்கும் புரியும். புரியாமல் போவது கட்-ஆஃப். அங்கே பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007-இல் போய்விட்டது. கணிதத்தை நூறுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் எடுத்து 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். ஒரு பிள்ளை மொத்தம் 540 வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கணிதம் 84, இயற்பியல் 88, வேதியியல் 90. கட்-ஆஃப் 84, 44, 45 கூட்டினால் 173. இன்னொரு பிள்ளை மொத்தம் 500 தான். ஆனால் கணிதம் 98, இயற்பியல் 96, வேதியியல் 94. கட்-ஆஃப் 193. தெருவில் பேனர் வைப்பது 540-க்கு. கலந்தாய்வில் முதலில் கூப்பிடுவது 500-ஐ. மொழிப் பாடத்தில் நன்றாக எழுதிய பிள்ளையின் உழைப்பு வீண் என்று நான் சொல்லவரவில்லை. பொறியியலுக்கு ஆள் எடுக்கிறவர் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பேனர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது. நல்ல காரியம். பள்ளிகள் மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

இதுவரை பேசியது மார்க். ரேங்க்கும் பர்சன்டைலும் வேறு ஜாதி. தாளபெட்டாவிலிருந்து நடந்தே மலையேறி வருகிற பக்தரைப் பாருங்கள். எவ்வளவு தூரம் நடந்தார் என்பது ஒரு கணக்கு. தரிசன வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்கிறார் என்பது இன்னொரு கணக்கு. அமாவாசையன்று வந்தால் ஐயாயிரம் பேருக்குப் பின்னால் நிற்பார். சாதாரண செவ்வாய்க்கிழமை வந்தால் ஐம்பது பேருக்குப் பின்னால். நடந்த தூரம் ஒன்றுதான், கால் வலியும் ஒன்றுதான். மார்க் என்பது நடந்த தூரம். ரேங்க்கும் பர்சன்டைலும் வரிசையில் நின்ற இடம். அன்றைக்கு வேறு யார் யார் வந்தார்கள் என்பதை வைத்து இடம் மாறும்.

பர்சன்டேஜ், பர்சன்டைல் என்று காதுக்கு ஒன்று போலவே விழுவதுதான் தொல்லை. பர்சன்டைல் 99 என்றால் நூறு கேள்வியில் 99 சரி என்று பொருளில்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேர் உங்கள் அளவிலோ உங்களுக்குக் கீழேயோ இருக்கிறார்கள் என்று பொருள். 2024-இல் ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கு மேல். 99 பர்சன்டைல் வாங்கிய பிள்ளைக்கு முன்னால் ஏறத்தாழ 14,000 பேர் நிற்கிறார்கள். வீட்டில் "99 வாங்கியும் ஐஐடி கிடைக்கலையா?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

நீட் தேர்வில் குழப்பம் இன்னும் பெரியது. பொதுப்பிரிவினருக்குத் தகுதி 50 பர்சன்டைல் என்று சொல்கிறார்கள். 720-க்குப் பாதி 360 என்று கணக்குப் போட்டுக்கொண்டு, 300 வாங்கிய பிள்ளை பெயிலாகிவிட்டது என்று அழுத வீடுகள் உண்டு. உண்மையில் அந்த 50 பர்சன்டைலுக்கான மார்க் 2022-இல் 117. 2023-இல் 137. 2024-இல் திருத்திய முடிவுப்படி 162. 2025-இல் 144, அதாவது 720-இல் ஐந்தில் ஒரு பங்கு. கேள்வித்தாள் கடினமானால் கோடு இறங்கும், எளிதானால் ஏறும். 'பாதிப் பேரைத் தாண்டு' என்பதுதான் நிபந்தனை. 'பாதிக்கு விடை எழுது' என்று யாரும் கேட்கவில்லை. மறுபக்கம், தகுதி வந்துவிட்டது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கல்லூரி கிடைக்காமல் திகைத்த வீடுகளும் உண்டு. 2024-இல் தகுதி பெற்றவர்கள் 13 லட்சம் பேர். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் ஏறத்தாழ 1.1 லட்சம். தகுதி என்றால் வரிசையில் நிற்க அனுமதி. உள்ளே போவது வேறு விஷயம்.

2023 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வில் தகுதியைப் பூஜ்யம் பர்சன்டைலாகக் குறைத்தார்கள். பூஜ்யம் மார்க் வாங்கினாலே போதுமாம் என்று ஊரெல்லாம் பேச்சு. பூஜ்யம் மார்க்குக்கூட வேண்டியிருக்கவில்லை. வரிசையின் கடைசி ஆளையும் சேர்த்துக்கொள்வதுதான் பூஜ்யம் பர்சன்டைல். தப்பான விடைக்கு மார்க் கழிப்பதால் அந்தக் கடைசி ஆள் 800-க்கு வாங்கியிருந்தது மைனஸ் 40. காலியாகக் கிடந்த இடங்களை நிரப்ப அப்படிச் செய்தார்கள். சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. தேர்வு எழுதிய எல்லோருக்கும் தகுதி என்று நேராகச் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அப்படிச் சொன்னால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். பர்சன்டைல் என்று சொன்னால் பாதிப் பேர் சும்மா இருந்துவிடுவார்கள்.

பிள்ளைகளே, இப்போது கொஞ்சம் கணக்கு. இளநிலை நீட் தேர்வில் 180 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, விட்டுவிட்டால் பூஜ்யம். எல்லாம் சரி என்றால் 720. ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாம் சரி என்றால் 716. ஒன்று தப்பு என்றால் நான்கும் போய், இன்னொன்றும் போய் 715. சரி, 719 எப்படி வாங்குவது? 718 எப்படி வாங்குவது? யோசித்துப் பாருங்கள். வாங்கவே முடியாது.

2024 ஜூன் 4 அன்று முடிவு வந்தபோது 718-உம் 719-உம் பட்டியலில் இருந்தன. இந்த இரண்டு எண்கள் வரவே வழியில்லையே என்று முதலில் கேட்டவர்கள் பிள்ளைகள்தான், பெரிய அதிகாரிகள் யாரும் இல்லை. சில மையங்களில் தேர்வு நேரம் வீணானதற்கு ஈடாக 1,563 பேருக்கு மார்க் கூட்டிக் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. கூட்டிக் கொடுத்ததை ரத்து செய்து, விரும்பியவர்களுக்கு ஜூன் 23 அன்று மறுதேர்வு வைத்தார்கள். எழுத வந்தவர்கள் 813 பேர்.

கதை அதோடு முடியவில்லை. முழு மார்க் 720 வாங்கியவர்கள் முதலில் 67 பேர். அதில் 44 பேர் இயற்பியலில் ஒரே ஒரு கேள்வியால் 720-ஐத் தொட்டவர்கள். பழைய பாடப் புத்தகத்தில் ஒரு விடை, புதியதில் இன்னொன்று. இரண்டும் சரி என்று தேர்வு முகமை மார்க் போட்டிருந்தது. ஒன்றுதான் சரி என்று டெல்லி ஐஐடி நிபுணர்கள் சொன்ன பிறகு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்து ஐந்து மார்க் இறங்கியது. ஜூலை 26 அன்று வந்த கடைசிப் பட்டியலில் 720 வாங்கியவர்கள் 17 பேர். மே மாதம் எழுதி முடித்த விடைத்தாள் அப்படியேதான் இருந்தது. மார்க் மாறியது, ரேங்க் மாறியது, சிலருக்குக் கல்லூரியே மாறியது. மார்க் போடுவது மனிதர்கள். போட்டவரைக் கேள்வி கேட்கலாம். பள்ளிப் பொதுத்தேர்வுகளில் மறுகூட்டல், மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல் என்று விதிப்படி வழி இருக்கிறது. பயந்துகொண்டு தேதியைத் தவறவிடாதீர்கள்.

பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடட்டும். நம் காட்டுப் பக்கம் போவோம்.

2018 புலிக் கணக்கெடுப்பில் மத்தியப் பிரதேசத்துக்கு 526, கர்நாடகத்துக்கு 524. இரண்டு புலியில் முதலிடம் போய்விட்டது என்று பெங்களூருப் பத்திரிகைகள் அங்கலாய்த்தன. காட்டில் யாரும் புலியை வரிசையில் நிறுத்தி எண்ணுவதில்லை. மரத்தில் கேமரா கட்டி, வரும் படங்களில் உடம்புக் கோடுகளை வைத்து ஒரு புலியை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறார்கள். படத்தில் சிக்காத புலிகள் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டு மதிப்பிடுகிறார்கள். அதனால் அறிக்கையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நடு எண்ணோடு கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் அச்சாகியிருக்கும். இந்த இரண்டு மாநிலங்களின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. அந்த இரண்டு புலி வித்தியாசம் உண்மையில் வித்தியாசமே இல்லை. 2022 கணக்கில் மத்தியப் பிரதேசம் 785, அது தெளிவான முன்னிலை. கர்நாடகம் 563, உத்தராகண்ட் 560. நாம் இரண்டாமிடம் என்று இங்கே கொண்டாடினார்கள். 2018-இன் துக்கம் எவ்வளவு வெறுமையோ அவ்வளவு வெறுமை இந்தச் சந்தோஷமும். நாடு முழுமைக்கும் 3,682 என்று படித்திருப்பீர்கள். அதுவும் நடு எண்தான். 3,167-லிருந்து 3,925 வரை இருக்கலாம் என்பதுதான் முழு வாக்கியம்.

புலிகள் காப்பகங்களுக்கு நிர்வாகத் திறன் மதிப்பீடு என்று இன்னொரு மார்க் உண்டு. 2022-இல் கேரளத்தின் பெரியாறு 94.38 வாங்கி முதலிடம். நம் பந்திப்பூருக்கு 93.18. அதிகப் புலி உள்ள கார்பெட்டில் 260 புலிகள். பெரியாறில் இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் முதலிடம் பெரியாறுக்கு. பணம், ஆள், ரோந்து, ஊர் ஜனங்களோடு உறவு ஆகியவற்றைப் பார்த்துப் போடும் மார்க் அது. எத்தனை புலி என்று பார்த்துப் போடுவதில்லை. இந்த மலையின் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூனில் ஹூக்யம் வனச்சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் விஷம் வைத்த மாட்டிறைச்சியைத் தின்று செத்துக் கிடந்தன. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகள் கணக்கெடுப்பில் சேர்வதே இல்லை. மாடு பறிகொடுத்தவனின் கோபம் எந்த மதிப்பெண்ணிலும் சரியாக ஏறுவதில்லை. இதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது, நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தது வீட்டுச் சாதனங்களின் ஸ்டார், அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிரிட்ஜ், ஃபேன், ஏசி மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் மின்சாரச் செலவுக்கு மட்டும். நீடித்து உழைக்குமா, சர்வீஸ் கிடைக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த அளவுகோலையும் அவ்வப்போது கடினமாக்குவார்கள். 2022 ஜூலையில் ஏசிக்கு மாற்றியபோது ஐந்து ஸ்டார் நான்காக இறங்கியது, பெட்டி அதே பெட்டிதான். பழைய லேபிள் ஒட்டிய பிரிட்ஜைத் தள்ளுபடியில் தந்தால் ஸ்டாரை எண்ணாதீர்கள். கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும், எந்த ஆண்டின் லேபிள் என்றும் இருக்கும். அதைப் படியுங்கள்.

செல்போனில் லாட்ஜுக்கும் ஹோட்டலுக்கும் போடும் 4.2, 4.8 எல்லாம் இன்னும் மேலோட்டம். எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எத்தனை பேர் போட்டார்கள் என்று இருக்கும். மூன்று பேர் போட்ட 4.8-ஐவிட மூவாயிரம் பேர் போட்ட 4.1-ஐ நான் நம்புவேன். மூன்று பேரில் ஒருவர் முதலாளியின் மச்சானாக இருக்கலாம். இதற்காகவே 2022-இல் இந்தியத் தர நிறுவனம் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. பின்பற்றுவது அவரவர் விருப்பம் என்பதால் மச்சான்கள் இன்னும் பத்திரமாக இருக்கிறார்கள்.

கடைசியாகப் பெரியவர்களின் மார்க். வங்கிக்கோ நகரத்து ஷோரூமுக்கோ போனால் "சிபில் எவ்வளவு?" என்கிறார்கள். 300-லிருந்து 900 வரை போகும் எண் இது. இதை நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி பார்க்கிறார்கள். 620 என்று வந்துவிட்டால் மானம் போன மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள். உங்கள் நிலம் எவ்வளவு, நகை எவ்வளவு, சொல் தவறாதவரா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. இதுவரை வாங்கிய கடன், கட்டிய தேதி, தவறிய தவணை, எத்தனை இடத்தில் கடன் கேட்டீர்கள் என்பதைப் பார்த்து, இனிமேல் கட்டுவீர்களா என்று ஓர் ஊகம் சொல்கிறது. மார்க் போல நடந்து முடிந்ததைச் சொல்கிற எண் இல்லை. இனி நடக்கப்போவதற்கு ஜோசியம் சொல்கிற எண்.

மைனஸ் 1 என்று வந்தால் பதறாதீர்கள். இதுவரை கடனே வாங்கவில்லை, சொல்ல எதுவும் இல்லை என்பதற்கு அது அடையாளம். முதல் தடவை கடன் கேட்பவருக்குப் பழைய வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

தன் எண்ணைத் தானே பார்த்தால் குறைந்துவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது. குறையாது. ஒரே மாதத்தில் நாலைந்து இடத்தில் விண்ணப்பம் போட்டால்தான் குறையும். மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்கள், அவர் கட்டவில்லை. உங்கள் கணக்கிலும் அது ஏறும். வசூலுக்கு வந்தவர் "பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்றால் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: 'குளோஸ்' என்று எழுதுவீர்களா, 'செட்டில்' என்று எழுதுவீர்களா? செட்டில் என்றால் குறைத்துக் கட்டினார் என்று அர்த்தம். பல ஆண்டுகள் அது உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

2025 ஜனவரியில் நம் மாவட்டத்துக் கிராமங்களிலேயே நுண்கடன் வசூல் தொல்லை தாங்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பங்கள் ஊரை விட்டுப் போன செய்தியைப் படித்தீர்கள். பிப்ரவரியில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் கடன் கொடுக்கும்போது ஒருவர் எண்ணைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார். வாங்கிய கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது என்று தேதி தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும் வரை எண் நன்றாகவே இருக்கும். உள்ளே வீடு ஓட்டாண்டியாகிக்கொண்டிருக்கும். கொடுத்தவருக்குத் தன் பணம் திரும்பி வருமா என்பதற்குத்தான் அந்த எண் பயன்படுகிறது. உங்கள் குடும்பத்தால் தாங்க முடியுமா என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். சுய உதவிக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் இதில் ரொம்பக் கவனமாக இருங்கள்.

இந்த எண்ணைப் போடும் நிறுவனங்கள் நாட்டில் நான்கு. சிபில் அதில் ஒன்று, எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். ஐந்நூறு கொடு, ஆயிரம் கொடு, எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். எண்ணைப் பார்த்ததும் மூடிவிடாமல் உள்ளே உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று இருக்கும், பெயர் ஒன்றுபோல் இருக்கும் வேறு யாருடைய கடனோ உங்கள் தலையில் இருக்கும். தவறு என்றால் புகார் எழுதிக் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு ஈடாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

மார்க் அட்டை, கடன் நோட்டீஸ் என்று எதையாவது கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் போய்விடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் வலது பக்க மேசையில் உட்காருகிறேன், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மேட்டூர் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வாருங்கள்.